முன்வாய்த் துப்பாக்கிக்கு மருந்தும் அளவும்: முதன்முறை கெட்டிப்பவர்களுக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டிச் சுடும் பழைய ஃபிளின்ட்லாக் துப்பாக்கிகளுக்கான பருவம் அது. 1974 முதல் நடக்கிறது. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்து இறக்க வேண்டும். ஈழத்தில் 'இடியன்' என்பார்களே, அதே இனம். கையில் இருப்பது ஒரே ஒரு வெடி. அது தவறினால் அடுத்ததைக் கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மான் போயிருக்கும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு மருந்து போடணும்?" அடுத்தவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கம்பெனியில் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே அளவை விரும்புவதில்லை. உங்கள் குழலுக்குப் பிடித்த அளவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். இது வேட்டைக்கு உரிமம் தரும் நாட்டில், பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் வாங்கியவர்களுக்கான விளக்கம்.

படி 1: குழலைப் படியுங்கள்

குழலின் மேல் பொறித்திருப்பதையும், கூடவே வந்த கையேட்டையும் பாருங்கள். மூன்று விவரம் வேண்டும்: வாயின் விட்டம், மருந்தின் உச்ச அளவு, குழலின் உள்ளே ஓடும் வரிகளின் முறுக்கு.

மான் வேட்டைக்குப் பரவலாக இருப்பது .50 கேலிபர், அதாவது அரை அங்குல வாய். முறுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது ஈய உருண்டைக்கான குழல். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீள குண்டுக்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபாட் குண்டுக்கும் ஆனது. 48 இரண்டுக்கும் நடுவில். உருண்டையையும் ஓரளவு நன்றாகவே சுடும். உருண்டைக் குழலில் நீள குண்டைப் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கீழே நான் எடுத்துக்கொள்வது .50 கேலிபர், மெதுவான முறுக்கு (66 அங்குலத்துக்கு ஒரு சுற்று), ஈய உருண்டை.

படி 2: மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. தோட்டாவில் அடைக்கும் நவீனப் புகையற்ற மருந்தை முன்வாய்த் துப்பாக்கியில் ஒருபோதும் போடாதீர்கள், கொஞ்சம்கூட வேண்டாம். அது எழுப்பும் அழுத்தத்தில் குழல் பிளந்து விரலும் கண்ணும் போகும். அதற்கென்றே தனியாக வடிவமைத்த துப்பாக்கிகள் சில உண்டு. உங்களுடையது அப்படி என்று கையேடு சொல்லாதவரை, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கரிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். அதனால் ஃபிளின்ட்லாக் வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இது ஒன்றுதான். டப்பாவின் மேல் 'எஃப்' எழுத்து எத்தனை என்று பாருங்கள். எஃப் கூடக் கூட மணி பொடியாகும், எரிவது வேகமாகும். இரண்டு எஃப் .50-க்கும் அதற்கு மேலும் பொதுவான தேர்வு. மூன்று எஃப் .45-க்கும் அதற்குக் கீழும். .50-இலும் மூன்று எஃப் போடுபவர்கள் உண்டு. கையேடு அனுமதித்தால், அளவைக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். நான்கு எஃப் மாவு போல இருக்கும். அது வெளியே இருக்கும் சின்னக் கிண்ணியில் பொறி பிடிக்க மட்டும். குழலுக்குள் போகக் கூடாது.

கரிமருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. அமெரிக்கச் சட்டத்தில் அது வெடிபொருள் வகையில் வருவதால் பல கடைகள் வைத்திருப்பதில்லை. மாற்று மருந்துகள் வந்த கதையும் இதுதான். பைரோடெக்ஸ் என்பதை, கரிமருந்து அளக்கும் அதே அளவையில் அதே கொள்ளளவு போடலாம். ஆனால் பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும். ஃபிளின்ட்லாக்கில் அடிக்கடி ஏமாற்றும். 'கேப்பு' என்னும் சின்ன வெடிமூடி வைத்துச் சுடும் துப்பாக்கிக்குச் சரி. டிரிபிள் செவன் கந்தகம் இல்லாதது, தண்ணீரிலேயே கழுவ வரும், ஆனால் வேகம் கூடுதல். கரிமருந்து அளவில் ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும். பிளாக்ஹார்ன் 209 என்பது, பற்றவைக்கும் ஷாட்கன் பிரைமர் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன 'இன்லைன்' துப்பாக்கிகளுக்கு மட்டும்.

இரண்டு மருந்தைக் கலக்காதீர்கள். பெயர் எழுதாத டப்பாவில் யாராவது தந்தால் வாங்காதீர்கள்.

படி 3: உருண்டையும் துணியும்

.50 குழலுக்கு .490 அங்குல உருண்டை. கலப்பில்லாத மென்மையான ஈயமாக இருக்க வேண்டும். எடை சுமார் 177 கிரெய்ன், நம் கணக்கில் பதினொன்றரை கிராம். உருண்டை குழலைவிடச் சிறியது; அந்த இடைவெளியை அடைத்து, வரிகளின் முறுக்கை உருண்டைக்குக் கடத்துவது அதைச் சுற்றும் துணிதான். தலையணை உறைக்கு நெய்யும் நெருக்கமான பருத்தித் துணி நல்லது. பாலியஸ்டர் கலந்தது உருகும், வேண்டாம். தடிமன் .015 அங்குலத்தில் தொடங்குங்கள். தேன்மெழுகோடு கொழுப்பைக் கலந்து உருக்கித் துணியில் தடவினால் போதும். மோட்டார் எண்ணெய், கிரீஸ் வகைகள் கரிமருந்தோடு சேர்ந்தால் தார் போல ஒட்டிக்கொள்ளும்.

படி 4: அளப்பதும் கெட்டிப்பதும்

இங்கே கிரெய்ன் என்பது கொள்ளளவு. கரிமருந்துக்கென்று கோடு போட்ட பித்தளை அளவைக் குழாயில் 70 வரை நிரப்பினால், அதுதான் 70 கிரெய்ன். மாற்று மருந்தைத் தராசில் 70 கிரெய்ன் நிறுத்துப் போட்டால் கணக்கு கெட்டுவிடும். அவை லேசானவை, 70 கிரெய்ன் எடைக்கு நிறைய மருந்து உள்ளே போய்விடும்.

கண்ணாடியும் காது மூடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கோலை உள்ளே விட்டு, குழல் காலி என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து அளவைக்கு, அளவையிலிருந்து குழலுக்கு. கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டவே கூடாது. முந்தைய வெடியின் கனல் உள்ளே ஒளிந்திருந்தால் கையில் இருக்கும் முழுக் கொம்பும் வெடிக்கும். வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். துணியும் உருண்டையும் வைத்து, கோலைச் சிறு பிடியாகப் பிடித்து, மருந்தின் மேல் உருண்டை அழுந்தி உட்காரும்வரை இறக்குங்கள். பாதியில் நின்றுவிட்டால் சுடக் கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் அந்த இடத்தில் புடைத்துவிடும், வெடிக்கவும் செய்யும்.

சரியாக உட்கார்ந்ததும், கோல் குழல் வாயைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். காலிக் குழலுக்கு ஒரு கோடு, இதற்கு ஒன்று. மருந்து இரண்டு முறை விழுந்தாலும், விழாமலே போனாலும், இந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். என் பொருள்களிலேயே விலை மலிவான பாதுகாப்பு இதுதான்; ஒருமுறை பேச்சுவாக்கில் இரட்டை மருந்து போட்டுவிட்டேன், இந்தக் கோடுதான் காப்பாற்றியது. கிண்ணி மருந்தோ கேப்போ எல்லாவற்றுக்கும் கடைசியாக, குழலை இலக்கை நோக்கித் திருப்பிய பிறகு.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கை விட்டு எடுக்காமல் ஒரு நிமிடமாவது அப்படியே நில்லுங்கள். தாமதித்து வெடிப்பது உண்டு.

படி 5: சுடுகளத்தில் அளவைத் தேடுவது

நான் தொடங்கியபோது 90 கிரெய்னில் தொடங்கினேன். மருந்து கூடினால் மான் உடனே விழும் என்ற நம்பிக்கை. 50 கெஜத்தில் மூன்று குண்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. களத்தில் இருந்த ஒரு பெரியவர் இலக்குத் தாளைப் பார்க்கவே இல்லை. முன்னால் நடந்து, தரையில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். எல்லாம் கந்தல். அன்று கற்றதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

50 கிரெய்னில் தொடங்குங்கள். கேலிபர் எண்ணே தொடக்க அளவு என்பது பழைய வழக்கம். மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து, 50 கெஜத்தில் மூன்று வெடி. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று விட்டுத் துடையுங்கள். துடைக்காவிட்டால் கரி படிந்து ஒவ்வொரு வெடியும் வேறு மாதிரி நடக்கும். பிறகு 55, 60, 65 என்று ஐந்தைந்தாக ஏறுங்கள், கையேட்டின் உச்சத்தைத் தாண்டாமல். ஒவ்வொரு அளவுக்கும் தனித் தாள், அதன் மேலேயே மருந்து, துணி, தேதி எழுதுங்கள். ஓர் அளவில் மூன்று துளைகளும் நெருங்கி வரும். அதைத் தாண்டினால் மீண்டும் விரியும். நெருங்கிய இடத்தில் நில்லுங்கள். என் குழலில் அது 75. உங்களுடையது 65 ஆகவும் இருக்கலாம், 85 ஆகவும் இருக்கலாம்.

துணித்துண்டுகளைத் தவறாமல் பொறுக்குங்கள். நடுவில் வட்டமாகக் கரி, ஓரம் மட்டும் கொஞ்சம் பிரிந்து, திரும்பப் பயன்படுத்தலாம் போல இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்தால் துணி மெல்லியது, இல்லையென்றால் கொழுப்பு போதவில்லை, அல்லது மருந்து அதிகம். வட்டத்தைச் சுற்றிக் கத்தியால் கீறியது போல வெட்டுகள் இருந்தால் புதுக் குழலின் வரிமேடு இன்னும் கூர்மையாக இருக்கிறது. கொஞ்சம் சுட்டுப் பழகினால் தேயும். கந்தலானால் துணியின் தரத்தைப் பாருங்கள், அப்புறம் மருந்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துணியையும் மருந்தையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

படி 6: தூரத்துக்கு ஒரு வரம்பு

உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் களைத்துப்போகும். 100 கெஜம் போவதற்குள் பாதிக்கு மேல் விசையை இழந்துவிடும். இன்னும் 20 கிரெய்ன் மருந்து சேர்த்தாலும் இது பெரிதாக மாறாது. உங்கள் தோள்தான் வலிக்கும். நான் 75 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை. ஃபிளின்ட்லாக்கில் மேசை இல்லாமல், குளிரில், நின்றுகொண்டு சுடும்போது உங்கள் மூன்று குண்டும் எந்தத் தூரம்வரை ஒரு சின்னத் தட்டு அகலத்துக்குள் விழுகின்றனவோ, அதுதான் உங்கள் தூரம். அதற்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள். அடிபட்டு ஓடி, கிடைக்காமல் எங்கோ சாகும் மானுக்கு நாம்தான் பொறுப்பு.

படி 7: அன்றே கழுவுங்கள்

கரி ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும், துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணி வெள்ளையாக வரும்வரை குழலைத் துடையுங்கள். நன்றாக உலர்த்தி லேசாக எண்ணெய் பூசுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு துணி விட்டுப் பாருங்கள், செம்பழுப்பாக வந்தால் திரும்பவும் கழுவ வேண்டும். வேட்டைக்குக் கிளம்பும் அன்று, கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்துவிடுங்கள். எண்ணெயில் ஊறிய மருந்து பற்றாது.