ஒளியால் ஜீனை இயக்கும் ஜெல்: சூட்டை அளப்பதில் வரும் தவறுகள்

போன மே மாதம் புதுச்சேரியில் கரன்ட் போய் ஏசி நின்றுவிட்டது. லேசர் யு.பி.எஸ்-ஸில் ஓடியதால், ஜெல்லில் வைத்த செல்களை ஒளியால் சூடாக்கும் சோதனையைத் தொடர்ந்தோம். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் செல்கள் செத்துக்கிடந்தன. லேசரின் வாட் எப்போதும் வைக்கும் அளவுதான். கத்திரி வெயிலில் அறைதான் ஏழெட்டு டிகிரி ஏறியிருந்தது.

இந்த முறையில், தங்க நானோ துகள் கலந்த ஹைட்ரோஜெல்லில் (நீர் நிறைந்த ஜெல்) செல்களை வைத்து உடலுக்குள் பதிக்கிறார்கள். தோலுக்கு வெளியிலிருந்து அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டால் துகள் சூடாகும். அந்தச் சூட்டில் ஹெச்.எஸ்.பி.70 புரொமோட்டர் (சூடு பட்டால் ஜீனை முடுக்கும் டி.என்.ஏ. சுவிட்ச்) விழித்து, அதோடு கோத்த ஜீனை இயக்கும். அது நன்றாக விழிக்க 42 டிகிரி செல்சியஸ் போல வேண்டும். 45-ஐத் தாண்டி நின்றால் செல்கள் சாகத் தொடங்கும். நமக்குள்ள இடைவெளி இவ்வளவுதான். அதனால் வாட்டை மட்டும் குறித்துவைத்தால் போதாது. தொடக்க வெப்பநிலை, செல் இருக்கும் இடத்தின் சூடு, அது நீடித்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

அளப்பதிலும் ஏமாறுகிறோம். தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் உலோகக் கம்பி) ஒளி விழும் பாதையிலேயே வைத்தால் அந்த உலோகமே ஒளியை வாங்கிச் சூடாகி, கூடுதலாகக் காட்டும். சற்றுத் தள்ளி வையுங்கள். வெப்பக் கேமரா மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கிறது; ஜெல்லின் உள்ளே என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது.

சூடு துகளால்தான் வருகிறதா என்று அறிய, துகள் இல்லாத ஜெல்லுக்கும் அதே ஒளியைக் காட்டிப் பாருங்கள். 980 நானோமீட்டர் லேசர் என்றால் இது கட்டாயம். அந்த ஒளியைத் தண்ணீரே நன்றாக உறிஞ்சும். 808-இல் அது மிகக் குறைவு. தங்கத் துகள் தண்டு வடிவில் (நானோ தண்டு) இருந்தால் இன்னொரு சிக்கல்: விட்டுவிட்டு அடிக்கும் வலுவான துடிப்பு லேசரில் அது உருகி உருண்டையாகிவிடும், பிறகு அகச்சிவப்பை அவ்வளவாக வாங்காது. முன்னும் பின்னும் நிறமாலை (எந்த ஒளியை எவ்வளவு வாங்குகிறது என்ற அளவு) எடுத்துவிடுங்கள். ஜெல்லுக்கு வெறும் ஜெலட்டின் வேண்டாம், உடல் சூட்டிலேயே கரைந்துவிடும். ரத்தம் உறையும்போது உருவாகும் புரதமான ஃபைப்ரின் தாங்கும்.

சரி, ஜீன் வேலை செய்ததா என்று எப்போது பார்ப்பது? ஜீன் இயங்கினால் ஒளி தரும் புரதமான மின்மினி லூசிஃபெரேஸைச் சூடேற்றிய கையோடு அளந்தால் ஒளி குறைவாகவே தெரியும், ஏனென்றால் அந்தப் புரதமே 42 டிகிரியில் குலைந்துபோகும். 37 டிகிரியில் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்புறம், மறுநாளே மீண்டும் சூடேற்றாதீர்கள். முதல் சூட்டுக்குப் பழகிய செல்கள் இரண்டாவது முறை மந்தமாகத்தான் பதில் சொல்லும்.