கைக்குழந்தையோடு ஒரு நாளை ஓட்டுவது எப்படி: பால், விளையாட்டு, சமையல்

பிறந்ததிலிருந்து நான்கு மாதம் வரை உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவோ, அப்பாவோ, தாத்தா பாட்டியோ, பகலில் குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு. பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, அதற்கு நடுவில் நாமும் சமைத்துச் சாப்பிட்டு, குழந்தையோடு கொஞ்சம் விளையாடவும் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. என் பதில் ஒன்றுதான்: குழந்தையை நம் கடிகாரத்துக்கு இழுக்காதீர்கள், சமையலைத் துண்டு துண்டாக்கிக் குழந்தையின் நேரத்துக்குள் நுழைத்துவிடுங்கள். விளையாட்டுக்குத் தனி நேரமே ஒதுக்க வேண்டியதில்லை, அது தானாக இடையிடையே வந்துவிடும்.

படி 1: கடிகாரத்தை விட்டுவிட்டுச் சுற்றைப் பாருங்கள்

பச்சைக்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். இவ்வளவு தூங்கினால் நமக்கு நிறைய நேரம் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அந்தத் தூக்கம் சேர்ந்தாற்போல் வராது, அரை மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி என்று இரவு பகல் பார்க்காமல் சிதறி வரும். பாலும் அப்படித்தான், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. ஆக ஒரு நாள் என்பது ஒரே சுற்று திரும்பத் திரும்ப வருவதுதான்: எழுந்திருக்கும், பால் குடிக்கும், ஏப்பம் விடும், டயப்பர் மாற்றுவோம், கொஞ்ச நேரம் முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும், மறுபடி தூங்கும். முதல் சில வாரங்களில் இந்த முழித்திருக்கும் நேரம், பால் குடிப்பதையும் சேர்த்து, முக்கால் மணி அல்லது ஒரு மணிதான். மூன்றாவது மாதத்தில் ஒன்றரை மணி வரை நீளும்.

முதலில் இரண்டு நாள் எதையும் மாற்ற முயற்சி செய்யாமல், எழுந்த நேரம், பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் மட்டும் போனிலோ ஒரு தாளிலோ குறித்துக்கொண்டே வாருங்கள். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் எந்தத் தூக்கம் நீளமாக வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இது. நிறையக் குழந்தைகளுக்குக் காலையில் ஒன்று கொஞ்சம் நீளமாக வரும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டும்.

அடையாளங்களையும் பார்த்துப் பழகுங்கள். பசி வந்தால் தலையைத் திருப்பித் திருப்பி வாயால் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், சப்புக்கொட்டும். அழுகை பசியின் கடைசி அடையாளம், அதுவரை காத்திருந்தால் வாய் வைத்துக் குடிப்பதற்கே பாடுபட வேண்டியிருக்கும். தூக்கம் வந்தால் பார்வை எங்கேயோ நிலைகுத்தும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், புருவத்தைச் சுற்றிச் சிவக்கும், அப்புறம் கொட்டாவி. இதையெல்லாம் தவறவிட்டால் களைத்துப்போய் அழும், தூங்கவைப்பது இன்னும் கஷ்டம்.

பால் போதுகிறதா என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. பிறந்து ஐந்து நாள் ஆன பிறகு ஒரு நாளில் ஆறு டயப்பராவது நன்றாக நனைந்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் போதுகிறது என்று அர்த்தம்.

படி 2: விளையாட்டு என்றால் உங்கள் முகம்

பொம்மை வாங்க ஓட வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது உங்கள் முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. குரலைப் பொறுத்தவரை வயிற்றில் இருக்கும்போதே கேட்டிருக்கிறது, அம்மாவின் குரல் பிறந்தபோதே அதற்குத் தெரியும்.

இப்படிச் செய்து பாருங்கள். டயப்பர் மாற்றி முடித்ததும் எழுந்துவிடாமல், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து அதன் முகத்துக்கு நேரே குனியுங்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள், பின்னாலிருந்து வந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும். மெதுவாக, இழுத்து, ஒரே ஒரு சத்தம்: “ஊ…”. அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் முக்கியம், பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்பட்டு அடுத்த சத்தத்தைப் போட்டுவிடுவார்கள். குழந்தைக்கு நிறைய நேரம் தேவை. முதலில் கண் உங்கள் நெற்றி ஓரத்தில் அலையும், பிறகு கண்ணுக்கு வரும், காலை உதைக்கும், உதடு குவியும், நாக்கு கொஞ்சம் வெளியே வரும், கடைசியில் தொண்டையிலிருந்து ஒரு சின்ன “ங்ங” வரலாம். வந்தால் அதையே நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். குழந்தை ஒரு பங்கு, நீங்கள் ஒரு பங்கு. பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் இந்த விளையாட்டை நிறுத்த உங்களுக்கே மனசு வராது.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், “போதும்” என்று சொல்கிறது. தொடர்ந்து கூப்பிடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அதுவே திரும்பிப் பார்க்கும், இல்லையென்றால் தூக்கம் வருகிறது.

அடுத்தது குப்புறப் படுக்கவைப்பது. கழுத்தும் தோளும் பலப்படுவது இதில்தான். இன்னும் நகர ஆரம்பிக்காத குழந்தை முழித்திருக்கும்போது, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 30 நிமிடமாவது குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எடுத்த எடுப்பில் அவ்வளவு வேண்டாம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் வாரங்களில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் மார்மேலேயே குப்புறப் போட்டுக்கொண்டால் போதும், உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். அப்புறம் தரையில் ஒரு விரிப்பு, நெஞ்சுக்கு அடியில் சுருட்டிய சின்னத் துண்டு, எதிரே நீங்களும் குப்புறப் படுங்கள். பால் குடித்தவுடன் செய்தால் கக்கிவிடும், டயப்பர் மாற்றியவுடன் செய்வது வசதி. பக்கத்திலேயே இருங்கள். அப்படியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிப் படுக்கவையுங்கள். தூக்கம் எப்போதும் மல்லாக்கத்தான், அதுவும் தட்டையான, அமுங்காத மெத்தையில், தலையணையோ கனமான போர்வையோ பொம்மையோ எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

கிலுகிலுப்பை மூன்றாவது மாதத்துக்கு மேல் போதும். அதற்கு முன்னால் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தாலே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டிவியும் போனும் இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம்.

படி 3: சமையலை மூன்றாக உடையுங்கள்

ஒரே மூச்சில் நின்று சமைக்கும் பழக்கத்தை இந்த மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். கழுவி நறுக்குவது ஒரு வேலை, அடுப்பில் வைப்பது இன்னொரு வேலை, ஆறவைத்து எடுத்துவைப்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு சுற்றில் வரலாம்.

நறுக்குவதைக் குழந்தை முழித்திருக்கும்போதே செய்யலாம். உங்களைப் பார்க்கிற மாதிரி தரையில் விரிப்பில் படுக்கவைத்துவிட்டு, கத்தியோடு நீங்கள் மேசையில் இருங்கள், என்ன நறுக்குகிறீர்கள் என்று பேசிக்கொண்டே நறுக்குங்கள். குழந்தைக்கு அதுவும் விளையாட்டுதான். பாதியில் அழுதால் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகலாம், எதுவும் கெட்டுப்போகாது. நறுக்கியதை மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும்.

அடுப்பு வேலை மட்டும் குழந்தை தூங்கும்போது, அல்லது வேறொருவர் கையில் இருக்கும்போது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இடுப்பில் வைத்துக்கொண்டோ, துணித் தூளியில் மார்போடு கட்டிக்கொண்டோ அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது, எண்ணெய் தெறிப்பது, ஆவி, நீங்கள் குனியும்போது அதன் கால் தீப்பக்கம் போவது, எல்லாமே நொடியில் நடக்கும். சாய்வு இருக்கையில் உட்காரவைத்தால் அதைத் தரையில் வையுங்கள், சமையல் மேடைமேல் ஒருபோதும் வேண்டாம், குழந்தை உதைக்கிற உதையில் இருக்கை நகரும். டீயும் அப்படியே. போட்டுக் கால் மணி நேரம் ஆன டீகூடக் குழந்தையின் மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். கையில் குழந்தை இருந்தால் கோப்பை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

தூக்கமில்லாத நாட்களில் அடுப்பை மறப்பது சாதாரணம். அடுப்பைப் பற்றவைக்கும் அதே கையோடு போனில் அலாரம் வைத்து, போனைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையிலேயே வைத்துவிட்டு வந்தால் படுக்கையறையில் பால் கொடுக்கும்போது கேட்காது.

படி 4: பாதியில் நிறுத்தக்கூடிய ஒரு பாத்திரச் சமையல்

வறுப்பது, பொரிப்பது எல்லாம் நம்மை அடுப்போடு கட்டிப்போடும். இப்போதைக்குத் தானாக வேகும் சமையல்தான் சரி. அரிசி 1 கப், சீக்கிரம் வேகும் உடைத்த பருப்பு அரை கப், நறுக்கிய காய்கறி 2 கப், ஒரு வெங்காயம், தண்ணீர் 5 கப், உப்பு. இது இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கு வரும்.

குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும் முன் அரிசியையும் பருப்பையும் கழுவி ஊறப்போடுங்கள். குழந்தை தூங்கியதும் அடி கனமான பாத்திரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெங்காயத்தை வதக்கி, காய்கறி, வடிகட்டிய அரிசி பருப்பு, தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடி, 25 நிமிடம். நடுவில் இரண்டு தடவை அடிபிடிக்காமல் கிளறிவிட்டால் போதும். அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும், அந்தச் சூட்டிலேயே குழைந்துவிடும்.

நடுவில் குழந்தை எழுந்துவிட்டதா? அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். பால் கொடுத்துவிட்டு வந்து, அரை கப் வெந்நீர் சேர்த்து மறுபடி பற்றவைத்தால் விட்ட இடத்திலிருந்து வேகும். பல உணவுகள் இந்த மாதிரி நிறுத்தி நிறுத்திச் செய்தால் பாழாகிவிடும், இது ஆகாது. கரண்டியோடு ஒரு கையால் சாப்பிடலாம், இன்னொரு கையில் குழந்தை இருந்தாலும். (ஆறவைத்துத்தான்.)

மிச்சத்தை அடுப்புமேலேயே இரவு வரை விடாதீர்கள். வெந்த அரிசியில் சில பாக்டீரியா வித்துகள் சாகாமல் தப்பித்திருக்கும், வெளியே வைத்தால் பெருகி நச்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அகலமான டப்பாக்களில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்குவது ஒரே தடவை, உள்ளே வரை ஆவி பறக்க.

தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட 330 முதல் 400 கலோரி வரை கூடுதலாகத் தேவை. வீட்டில் இருப்பவர்கள் அவர் சாப்பிட்டாரா என்று கேட்பதோடு நிற்காமல் தட்டில் போட்டுக் கையில் கொடுங்கள், பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வையுங்கள். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், ஆறு மாதம் வரை பால் மட்டும் போதும்.

படி 5: சாயங்காலத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்

குழந்தைகளின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய் ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குறைந்துவிடும். பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் அதற்கான நேரம். அதனால் இரவுச் சாப்பாட்டையும் காலையிலேயே சமைத்து முடித்துவிடுங்கள். அந்த நீளமான காலைத் தூக்கத்தில் பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டால் சாயங்காலம் இரண்டு கையும் குழந்தைக்குக் கிடைக்கும்.

பசியா, டயப்பரா, புழுக்கமா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் விளக்கைக் குறைத்து, நெஞ்சோடு அணைத்து, மெதுவாக நடங்கள். அப்போதும் நிற்காமல், உங்கள் பொறுமை உடையப்போகிறது என்று தோன்றினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து மூச்சு விடுங்கள். அதில் தப்பே இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகலாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

நான்கு மாதத்துக்கு மேல்

நான்காவது மாதம் வாக்கில் குழந்தை புரளத் தொடங்கும். அதற்கு முன்பேகூடக் கட்டில், சோபாவில் தனியாக விடக் கூடாது, இப்போது டயப்பர் மாற்றும் மேசையில் ஒரு நொடிகூடக் கையை எடுக்கக் கூடாது. தரை விரிப்புதான் பாதுகாப்பான இடம், நறுக்கும் வேலையின்போதும் அதைச் சமையலறைக்கு வெளியே, வாசல் பக்கமாக நகர்த்திவிடுங்கள்.

ஆறு மாதம் நெருங்கும்போது, பிடித்து உட்காரவைத்தால் தலை ஆடாமல் நிற்கிறதா, நீங்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறதா, கையை நீட்டுகிறதா என்று கவனியுங்கள். திட உணவு தொடங்கும்போது தனிச் சமையல் தேவையில்லை. அதே பாத்திரத்தில் உப்பைக் கடைசியாகப் போடும் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள், உப்பு விழும் முன் ஒரு கரண்டி தனியே எடுத்து நன்றாக மசித்தால் குழந்தையின் பங்கு தயார். தேன் மட்டும் ஒரு வயது முடியும் வரை துளிகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

முதல் வாரத்தில் ஒரு வேளை, இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். துப்பினால் துப்பட்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி கொடுங்கள்.