கொய்யாக் கிளையில் சர்க்கரைக்கு அணை கட்டலாம்

பதநீர் குடித்தவர்கள் எல்லோரும் ஃபுளோயச் சாற்றைக் குடித்தவர்கள்தான். செடிக்குள் சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாய்த் திசுதான் ஃபுளோயம். இலைகள் சமைத்த சர்க்கரை பாளைக்கு வந்து சேரும்போது, நுனியைச் சீவி அதைக் கலயத்தில் பிடித்துக்கொள்கிறோம். இந்த ஓட்டம் எல்லாச் செடிகளிலும் உண்டு. அதைக் கண்ணால் பார்க்க ஒரு கொய்யா மரமும் கூரான கத்தியும் போதும்.

முதலில் பென்சில் பருமனுள்ள இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். நுனியில் நிறைய இலை இருக்க வேண்டும். அடிமரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வேருக்குச் சாப்பாடு நின்று மரமே பட்டுப்போகும். மழைக்காலம் தொடங்கும் சமயம் நல்லது.

அடுத்து, கிளையைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையக் கீறல் போட்டு, நடுவே உள்ள பட்டையை உரித்தெடுங்கள். ஃபுளோயம் இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. உள்ளே வெள்ளையாகத் தெரியும் கட்டையில் இருப்பது தண்ணீர் ஏறும் சைலம். அதன் மேல் தொட்டால் வழுக்கும் ஒரு படலம் இருக்கும், அதுதான் புதுப்பட்டையை வளர்க்கும் கேம்பியம். அதைக் கத்தி முதுகால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். முதல் முறை நான் சுரண்டாமல் விட்டேன். சில வாரங்களில் புதுப்பட்டை வளர்ந்து வெட்டை மூடிவிட்டது. சோதனையும் அதோடு முடிந்தது.

ஒரு கிளையை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றொன்றின் வெட்டைச் சுற்றி, ஈரமாக்கிப் பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். விண்பதியம் என்று நாற்றங்கால்காரர்கள் செய்வது இதுதான்.

இலை வாடும் என்று பயப்படுவீர்கள். வாடாது, தண்ணீர் வழி அறுபடவில்லையே. சில வாரங்கள் கழித்துத் திறந்த கிளையைத் தடவிப் பாருங்கள். வெட்டின் மேல் உதடு மட்டும் தடித்திருக்கும். கீழ் உதடு ஒட்டிப்போய்க் கிடக்கும். இறங்கி வந்த சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினும் போக வழியில்லாமல் அங்கே தேங்கியதன் அடையாளம் அது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகியும் இதே மாதிரி பட்டையை உரித்து, இதே வீக்கத்தைப் பார்த்தார்.

சர்க்கரையைத் தள்ளுவது எது? முதிர்ந்த இலை, சுக்ரோஸ் என்ற சர்க்கரையை ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்களில், அவற்றை ஒட்டியிருக்கும் துணைச் செல்களின் உதவியோடு ஏற்றுகிறது. சாறு கெட்டியானதும் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே புகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. மறுமுனையில் வேரோ, பிஞ்சோ, தளிரோ சர்க்கரையை எடுத்துக்கொள்ள, தண்ணீர் வெளியேறி அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சாறு ஓடுகிறது. மணிக்கு ஒரு மீட்டர் வரைகூடப் போகும். 1930-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் மூன்ஷ் தந்த விளக்கம் இது.

ஓட்டம் எப்போதும் கீழ்நோக்கித்தான் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். நட்ட சேப்பங்கிழங்கு முளைக்கும்போது கிழங்குதான் கொடுக்கும் இடம், மேலே விரியும் குருத்து வாங்கும் இடம். இலைகள் முதிர்ந்த பிறகு புதுக் கிழங்குகளுக்கு மேலிருந்து இறங்கும்.

கட்டிய கிளையில் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பாலித்தீன் வழியே வெள்ளை வேர்கள் தெரியும். அவை பழுப்பேறத் தொடங்கியதும் கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை மட்டும் நீக்கித் தொட்டியில் நட்டு, சில நாள் நிழலில் வையுங்கள். திறந்து விட்ட கிளையையும் வளையத்துக்குக் கீழே வெட்டிவிடலாம். வெட்டும் முன் கீழ்ப்பகுதியின் கணுக்களைப் பாருங்கள்: மேலிருந்து ஆக்சின் வராததால், தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் அங்கே துளிர்த்திருக்கக்கூடும்.