காது மடலைத் தேய்த்ததும் கால் உதறியது

ஒரு வழியாக எங்கள் நாய் கருப்பன் இரவில் தூங்குகிறான். மூன்று வாரம் விடாமல் சொறிந்தவன். காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியது. வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், மருந்து ஷாம்பு, எதற்கும் கேட்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாமில் ஆடு வளர்க்கும் மாமா ஐவர்மெக்டின் என்ற புழு, பூச்சி மருந்து பாட்டிலைக் கொடுத்து, "ஒரு எம்எல் போடுடா, சரியாயிடும்" என்றார். லேபிளைப் படித்தேன்: 1 மி.லி.யில் 10 மி.கி., மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மி.லி. கருப்பனோ 11 கிலோ. மாட்டுக் கணக்கிலேயே 0.22 மி.லி.தான் வரும், மாமா சொன்னது நாலரை மடங்கு! அளவு சரியாக இருந்தாலும் நானாகப் போட்டிருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கோலி (Collie) இன ரத்தம் கலந்த நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் போய்விடும். இதயப்புழு இருந்தாலும் ஆபத்து. முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி எதுவும் இல்லை. பிறகு காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தார்; பின்னங்கால் தானாகவே உதறிச் சொறிந்தது. "ஸ்கேபீஸ்" என்றார்; தோலுக்குள் துளைத்துப் போகும் நுண்பூச்சியால் வரும் சொறி, மனிதர்களுக்கும் ஒட்டும். சுரண்டலில் அந்தப் பூச்சி பல நேரம் சிக்காதாம். என் முன்கையில் இருந்த அரிப்புப் புள்ளிகளுக்கும் அப்புறம்தான் காரணம் புரிந்தது.

அந்தப் பூச்சியைக் கொல்ல எடைக்கேற்ற ஃப்ளூரலானர் மாத்திரை ஒன்று, சாப்பாட்டோடு. அரிப்பே இல்லாத எங்கள் இன்னொரு நாய்க்கும் கொடுக்கச் சொன்னார். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்தோம். பத்தாவது நாள் சொறிவது நின்றது. பாட்டிலை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆடுகளுக்கு ஆகும்.