சட்டப்படி கொடுத்தால் போதுமா? சம்பள விஷயத்தில் முதலாளிகள் சறுக்கும் இடங்கள்

"அரசு சொன்ன குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும் முதலாளிகள் நிறைய. முதல் தவறே இதுதான். குறைந்தபட்ச ஊதியம் என்பது, அதற்குக் கீழே போனால் தண்டனை என்று அரசு போட்ட கோடு. விலைவாசி ஏறும்போது அந்தக் கோடும் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அமெரிக்காவின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆனது. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. மத்திய அளவு அங்கேயே நிற்கிறது. வாடகை அப்படி நின்றதா என்ன?

வாழ்வூதியம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும் கணக்கு. முதலாளியால் எவ்வளவு முடியும் என்பதை முதலில் கேட்பதில்லை. ஒரு குடும்பம் கௌரவமாக வாழ எவ்வளவு ஆகும் என்று கேட்கிறது. இது புதுச் சிந்தனையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு சாசன முகவுரையிலேயே இருக்கிறது. 1948இன் மனித உரிமைப் பிரகடனம், உழைப்பவரும் குடும்பமும் மனித மாண்போடு வாழப் போதுமான ஊதியத்தை உரிமை என்கிறது.

அடுத்த தவறு, கணக்குப் போடும்போது தொழிலாளியைத் தனி ஆளாக வைத்துக்கொள்வது. சும்மா ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். சாப்பாடு, வாடகை, மருத்துவம், படிப்பு, போக்குவரத்து, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம் எல்லாம் சேர்த்து மாதம் 100 பங்கு ஆகிறது என்று வைப்போம். ஒருவர் முழு நேரமும் மற்றவர் அரை நேரமும் வேலைக்குப் போக முடியும் என்றால், 100ஐ 1.5 பேரால் வகுக்க வேண்டும். முழு நேர வேலைக்குக் கிட்டத்தட்ட 67 பங்கு கையில் கிடைத்தாக வேண்டும். தனி ஆளுக்கு 40 போதும் என்று கொடுத்தால், அந்த வீட்டுக்கு மொத்தமாக வருவது 60. மீதி 40 எங்கிருந்து வரும்? கடனிலிருந்து, இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பிலிருந்து.

கவனிக்க வேண்டியது, இந்த 67 கைக்கு வரும் தொகை. வரியும் மற்ற பிடித்தங்களும் போவதற்கு முந்தைய தொகையைக் காட்டி "நாங்கள் வாழ்வூதியம் தருகிறோம்" என்று சொல்வது சரியல்ல.

ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் அதே ரகம்தான், ஆனால் இன்னும் மோசம். அரசுகள், முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்பு நிபுணர்களும் கூடி 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் ஒத்துக்கொண்ட விளக்கம், வழக்கமான வேலை நேரத்துக்குள்ளேயே இந்தத் தொகை கிடைக்க வேண்டும் என்கிறது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால்தான் வீடு ஓடும் என்றால், அங்கே கொடுக்கப்படுவது வாழ்வூதியம் அல்ல. டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் குறைப்பதும் இப்படித்தான்: வாடிக்கையாளரின் மனநிலை, தொழிலாளியின் வாடகையைத் தீர்மானிக்கக் கூடாது.

சம்பளத்தை வெறும் செலவாகப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. 1913இல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆட்கள் விலகும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 50,000க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். பழைய சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டே விலகல் 16 சதவீதத்துக்கு இறங்கியது. தருமம் செய்யும் எண்ணத்தில் எடுத்த முடிவு அல்ல அது. (அதற்காக ஃபோர்டை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அந்த 5 டாலரில் பாதி நிபந்தனைக்கு உட்பட்டது. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். சம்பளம் கொடுப்பவருக்கு அடுத்தவர் வீட்டுக்குள் என்ன வேலை?)

ஆள் மாறும் செலவு கணக்குப் புத்தகத்தில் தனி வரியாக வருவதில்லை, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. 20ஆம் தேதி அட்வான்ஸ் கேட்டு நிற்கும் ஒருவரைப் பாருங்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதி அது பிடிக்கப்படும், கைக்குக் குறைவாக வரும், 18ஆம் தேதியே திரும்ப வந்து நிற்பார். அவருக்குச் செலவு செய்யத் தெரியவில்லை என்று முதலாளி நினைக்கிறார். கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் இடம் தெரிந்ததும் அவர் போய்விடுவார். அப்புறம் புது ஆளைத் தேடி, பழக்கி, அவர் கெடுக்கும் பொருளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்; கை வருவதற்குள் அவரும் கிளம்பிவிடுவார்.

சம்பளத்தை உயர்த்திவிட்டு வேலை நேரத்தை வெட்டுவதும், இலவசமாகத் தந்த சாப்பாட்டையோ வண்டியையோ நிறுத்துவதும் உயர்வு ஆகாது. கீழே இருப்பவர்களுக்கு மட்டும் உயர்த்தினால், பத்து வருட அனுபவமுள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே சம்பளத்தில் வந்து நிற்பார்கள். அந்த மனக்கசப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும்.

கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடுவது வசதியான தவறு. துப்புரவும் காவலும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், மிகக் குறைந்த சம்பளங்கள் நம் பட்டியலிலேயே வருவதில்லை. பிரிட்டனில் வாழ்வூதிய நிறுவனம் என்று அங்கீகாரம் வாங்க, தொடர்ந்து வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அங்கே தர வேண்டிய வாழ்வூதியத் தொகையை ஆண்டுதோறும் விலைவாசியைப் பார்த்துத் திருத்துகிறார்கள். அறிவிப்பு அக்டோபரில் வரும், அடுத்த மே மாதத்துக்குள் அமல்படுத்தினால் போதும்.

சிறு தொழில் நடத்துபவருக்கு ஒரே மூச்சில் இதெல்லாம் முடியாமல் போகலாம், உண்மைதான். அப்போதும் இடைவெளி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, எந்த ஆண்டில் எவ்வளவு உயரும் என்று தேதியோடு எழுதித் தொழிலாளர்களிடம் கொடுத்துவிடலாம். "நிலைமை சரியாகட்டும், பார்க்கலாம்" என்ற பதிலை அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள்.