சுகப்பிரசவம் என்று நினைத்திருந்து கடைசி நேரத்தில் எல்லாம் மாறினால் என்ன செய்வது?

மெட்டி கழறவே இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் வீங்கிப்போன என் கால்விரலில் சோப்பு நுரையைத் தேய்த்துத் தேய்த்துத் திருகிக்கொண்டிருந்தார் ஒரு சிஸ்டர், இன்னொருவர் வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், என் கணவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் நின்றார். பதினான்கு மணி நேர வலிக்கு அப்புறம் கர்ப்பப்பை வாய் 6 சென்டிமீட்டர் திறந்ததோடு நின்றுவிட்டது, வலி வரும்போதெல்லாம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. மாதக்கணக்கில் நடந்தது, உட்கார்ந்து எழுந்தது, மூச்சுப் பயிற்சி செய்தது எதுவும் அப்போது நினைவில் இல்லை. "நான் எங்கே தப்பு பண்ணினேன்" என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று புரிய எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதில் தேவையில்லாமல் செய்வதும் இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகவே பேசலாம். ஆனால் நம் ஊரில் கர்ப்பமாக இருக்கும் யாரும் "எனக்கு அது வராது" என்று இருந்துவிட முடியாது. அதனால் ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே இரண்டாவது திட்டத்தையும் எழுதி வையுங்கள். அப்படி எழுதினால் அதுவே நடந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படலாம். என் அத்தையும் அப்படித்தான் சொன்னார். இருந்தாலும் எழுதுங்கள்.

எதை எழுதுவது

எப்படிப் பிறக்க வேண்டும் என்பது உங்கள் கையில் முழுசாக இல்லை. எப்படிப் பிறந்தாலும் எனக்கு இதெல்லாம் வேண்டும் என்று சில இருக்கும், அவற்றை எழுதுங்கள். கூட யார் இருக்க வேண்டும், குழந்தையை முதலில் என் முகத்தருகே காட்ட வேண்டும், முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் யாரும் தொட்டு வைக்கக் கூடாது, இந்த மாதிரி. சிசேரியன் ஆனாலும் தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம், சிஸ்டர் பிடித்து வைத்து உதவுவார், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குழந்தையை வெளியே சொந்தக்காரர்களிடம் காட்டுவதிலேயே அந்த நேரம் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் எட்டாம் மாதமே கழற்றிவிடுங்கள், நகப்பூச்சு வேண்டாம். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்), மதர் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் எந்த மருத்துவமனையில் ராத்திரியும் ஆபரேஷன் செய்ய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். திடீரென்று பனிக்குடம் உடைந்தால் காத்திருக்காதீர்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

"மாற்ற வேண்டியிருக்கு" என்று டாக்டர் சொல்லும்போது

மூன்று கேள்வி போதும்: ஏன் இப்போது? கொஞ்சம் காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி இருக்கிறதா? வலியில் இருக்கும் உங்களால் கேட்க முடியாது, கூட இருப்பவருக்கு இந்த மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள். தேதி தாண்டிவிட்டது, வலி வரவைக்க ஜெல் வைக்கலாம், குழந்தை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது போன்ற காரணங்கள் என்றால் நிதானமாகப் பேச நேரம் இருக்கிறது. ஆனால் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வந்துவிட்டது, ரத்தம் கொட்டுகிறது, துடிப்பு இறங்கி ஏறவே இல்லை என்று சொன்னால் அங்கே கேள்வி வேண்டாம், சரி என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று ஜோசியருக்குப் போன் போடும் மாமாவை வெளியே உட்கார வைப்பது உங்கள் கணவரின் வேலை.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். பெரும்பாலும் முதுகில் ஊசி போடுவார்கள், நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு இருக்கும். அறை குளிரும், கை கால் வெடவெடவென்று நடுங்கும், அந்த நடுக்கம் பலருக்கும் வருவதுதான். வலி இருக்காது, ஆனால் வயிற்றுக்குள் யாரோ துணியை அலசுகிற மாதிரி இழுபடுவது தெரியும், இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிடும், தையல் போட்டு முடிக்கத்தான் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலித்தால், மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால், தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே பாலைப் பீய்ச்ச ஆரம்பியுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. முதலில் சில சொட்டுதான் வரும், அது போதும். குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறைக்கு அனுமதி கேளுங்கள், அப்பாவும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பார்க்க வருகிறவர்கள் "அந்தக் காலத்தில் நாங்கள் அஞ்சு பெத்தோம்" என்பார்கள், "வலி தாங்க முடியலையா" என்று கேட்பார்கள். பதில் சொல்லும் பொறுப்பை அம்மாவிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள். குழந்தை நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன அழுகை என்று உங்களை நீங்களே அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். குழந்தை கிடைத்த சந்தோஷமும் நினைத்தது நடக்காத வருத்தமும் ஒரே நேரத்தில் இருக்கலாம், எனக்கு இருந்தது. முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், தூக்கமே வராவிட்டால், குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தையல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே காட்ட வேண்டும், பத்தியமும் கஷாயமும் அதற்கு மருந்தில்லை.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் படித்துப் பாருங்கள். ஏன் சிசேரியன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும், அடுத்த பிரசவத்துக்கு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஒருமுறை சிசேரியன் ஆனால் அடுத்ததும் சிசேரியன்தான் என்பது கட்டாயமில்லை, தகுந்தவர்கள் தகுந்த மருத்துவமனையில் முயன்றால் 60 முதல் 80 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனபோது "அன்றைக்கு என்ன நடந்தது, முதலில் இருந்து சொல்லுங்கள்" என்று என் டாக்டரிடம் கேட்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு, குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டது என்று காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் பைலில்தான் இருக்கிறது.