தூண்டில் குண்டில் ஓர் ஊசல்: மாறி, அளவு, பிழை

கடலூர் முதுநகர்ப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஓர் ஈயக்குண்டும் ஒன்றரை மீட்டர் நரம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்ச் செல்போனிலேயே இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் தனி ஊசலுக்கு (நரம்பில் தொங்கி ஆடும் குண்டு) இது போதும்.

முதலில் மாறிகள். நாம் வேண்டுமென்றே மாற்றப்போவது நீளம். அது சாரா மாறி. அதைப் பொறுத்து மாறுவது அலைவு நேரம், அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்; அது சார்ந்த மாறி. மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், காற்று உட்பட. மதியம் கடற்காற்று புகுந்தால் குண்டு நீள்வட்டம் போடும். காலையிலேயே ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

படி 1: நரம்பைக் கதவு நிலையின் மேல்சட்டத்தில் கட்டி, குண்டு தொங்கும்போதே நீளத்தை அளங்கள். நைலான் கொஞ்சம் இழுபடும். ஸ்கேலின் முனை தேய்ந்திருந்தால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து கழித்துவிடுங்கள்.

படி 2: குண்டை 10 செ.மீ.க்குள் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். நடுப்புள்ளியைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தி ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குங்கள். ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஓர் அலைவு காணாமல் போய்விடும்.

படி 3: 20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். விரல் 0.2 வினாடி பிசகலாம். ஒரே அலைவை அளந்தால் 2 வினாடியில் அது பத்து சதவீதம். 20 அலைவுக்கு அரை சதவீதம்தான். செல்போன் காட்டும் இரண்டாவது தசம இலக்கத்தை நம்ப வேண்டாம், நம் விரல் அவ்வளவு துல்லியம் இல்லை.

நான் 100 செ.மீ. வைத்து ஐந்து முறை எடுத்தது: 40.4, 40.6, 40.5, 40.3, 40.6. இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்கற்ற பிழை. சராசரி அதை அடக்கிவிடும். சராசரி 40.48, ஓர் அலைவுக்கு 2.024 வினாடி. புவியீர்ப்பு முடுக்கம் = 4 × பை² × நீளம் ÷ அலைவு நேரம்². நீளத்தை மீட்டரில் போட்டால் விடை 9.64 மீட்டர்/வினாடி². நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கடலூரில் 9.78 வர வேண்டும். (ரெக்கார்டு நோட்டில் 9.8 என்று எழுதிவிட எனக்கும் கை அரித்தது.)

தவறு என் ஸ்கேலில் இருந்தது. கொக்கி வரை மட்டும் அளந்திருக்கிறேன். குண்டின் மையம் அதற்கும் 1.5 செ.மீ. கீழே. இது முறையான பிழை. ஐந்நூறு முறை எடுத்தாலும் 9.64தான் வரும்.

படி 4: 25, 50, 75, 100 செ.மீ. என்று நீளத்தை மாற்றி, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபடமாகப் போடுங்கள். நேர்கோடு வரும். மையத்தை மறந்து அளந்திருந்தாலும் அதன் சாய்வு மாறாது, மீட்டருக்கு 4.04 சொச்சம். ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. பின்னோக்கி நீட்டிப் பாருங்கள்: நீள அச்சை மைனஸ் 1.5 செ.மீ.இல் வெட்டும்.